அரைமணி நேரத் தொலைவில் மூன்று இரவுகள்: பெருந்தொற்றுக் காலக் கடற்கரைத் தங்கல் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2020 அக்டோபர் 30, வெள்ளிக்கிழமை மாலையிலிருந்து நவம்பர் 2, திங்கட்கிழமை வரை மொரீசியசின் மேற்குக் கரையிலுள்ள ஃபிளிக் அன் ஃபிளாக் என்ற ஊரில் எங்கள் குடும்பத்தார் ஐவர் மூன்று இரவுகள் தங்கியிருந்தோம். நான், என் மனைவி, பன்னிரண்டு வயது மகன், எட்டு வயது மகள், எழுபதைக் கடந்த என் அம்மா ஆகியோரே அந்த ஐவர். எங்கள் வீடு ரோஸ் ஹில்லில் இருக்கிறது; அங்கிருந்து அந்தக் கடற்கரைக்குக் காரில் அரைமணி நேரம்தான் ஆகும். இதைக் கேட்ட சென்னை உறவினர்களும் இங்குள்ள நண்பர்களும் அன்றுமுதல் ஏறத்தாழ ஒரே கேள்விகளைக் கேட்டு வருகிறார்கள். தொலைபேசியில் துண்டு துண்டாகச் சொன்ன பதில்களை ஒரே இடத்தில் எழுதிவைத்திருக்கிறேன்.

தீவிலேயே வாழ்பவர்களுக்குக் கடற்கரை விடுமுறை எதற்கு?

இதை முதலில் கேட்டவர் சென்னையிலுள்ள என் சித்தி. "கடலுக்கு நடுவில் குடியிருந்துகொண்டு கடல் பார்க்கப் போனாயா?" என்று சிரித்தார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஏறத்தாழ 65 கிலோமீட்டர் நீளமும் 45 கிலோமீட்டர் அகலமும் கொண்ட இந்தத் தீவில் எந்த ஊரிலிருந்து புறப்பட்டாலும் கடல் தொலைவில் இல்லை.

ஆனால் எங்களைப் போன்ற நடுத்தரக் குடும்பங்கள் கடலுக்குப் போவது என்றால் ஞாயிற்றுக்கிழமைப் பிக்னிக்தான். விடியற்காலையில் பேருந்தோ வேனோ பிடித்து, பிரியாணிச் செம்புடன் போய், சவுக்கு மரத்தடியில் பாய் விரித்து, யாராவது ரவான் மேளத்தைத் தட்டினால் அதற்கு ஆடிவிட்டு, இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடுவோம். கடற்கரையில் இரவு தங்குவது சொந்தமாக அங்கே வீடு வைத்திருப்பவர்களுக்கும் வெளிநாட்டவர்களுக்கும் உரியது என்பது யாரும் சொல்லாமலே எங்கள் மனத்தில் பதிந்துவிட்ட ஒன்று. 2019இல் இங்கு வந்த சுற்றுலாப் பயணிகள் 13 லட்சத்துக்கும் மேல். நாட்டின் மக்கள்தொகையைவிட அது அதிகம். அவர்கள் பார்த்த விடியற்காலைக் கடலை, இந்தத் தீவிலேயே பிறந்து எழுபது ஆண்டு வாழ்ந்த என் அம்மா ஒருநாள்கூடப் பார்த்ததில்லை. நாங்கள் போனதற்கு வேறு பெரிய காரணம் ஒன்றும் இல்லை.

பெருந்தொற்று வராமல் இருந்திருந்தால் போயிருப்பீர்களா?

போயிருக்க மாட்டோம் என்றே நினைக்கிறேன். மொரீசியசில் முதல் மூன்று தொற்றுகள் 2020 மார்ச் 18 அன்று அறிவிக்கப்பட்டன. மார்ச் 20 முதல் நாடு முடக்கப்பட்டது. சில நாள் பல்பொருள் அங்காடிகள்கூட மூடப்பட்டு, ஏப்ரல் தொடக்கத்தில் குடும்பப் பெயரின் முதலெழுத்தை வைத்து முறை வகுத்துத் திறக்கப்பட்டன. எங்கள் பெயர் ரோமன் எழுத்தில் 'P'யில் தொடங்குவதால் புதனும் சனியும் எங்கள் நாள்கள். மகனுக்கு ஆங்கில அகரவரிசையின் அருமை அப்போதுதான் புரிந்தது. கடற்கரைகள் ஜூன் 15 வரை மூடியே கிடந்தன. அரைமணி நேரத் தொலைவிலுள்ள கடலை மூன்று மாதம் பார்க்க முடியாமல் இருந்தபோதுதான், அதற்கு முந்தைய ஆண்டுகளில் எத்தனை முறை போனோம் என்று எண்ணிப் பார்த்தோம். ஆண்டுக்கு நான்கோ ஐந்தோ முறைதான் போயிருக்கிறோம்.

முடக்கம் நீங்கிய பிறகும் விமான நிலையம் திறக்கவில்லை. அக்டோபர் 1 முதல் எல்லை ஓரளவு திறக்கப்பட்டாலும், வருபவர்கள் 14 நாள் தனிமையில் இருக்க வேண்டும் என்ற விதி இருந்ததால் சுற்றுலாப் பயணிகள் என்று சொல்லத்தக்கவர்கள் எவரும் இல்லை. அதுவரை எங்களைத் திரும்பிப் பார்க்காத விடுதிகள் உள்ளூர்வாசிகளுக்கென்று தனி விலையை விளம்பரப்படுத்தத் தொடங்கின. எங்களுக்குச் சற்றே வருத்தமும் சற்றே மகிழ்ச்சியும் அளித்த விளம்பரங்கள் அவை. விடுதி ஊழியர்களில் எங்கள் அண்டைவீட்டார் பலர் உண்டு. அவர்களுடைய மாதங்கள் எவ்வாறு கழிந்தன என்பது எங்களுக்குத் தெரியும்.

அம்மாவை அழைத்துச் சென்றது பாதுகாப்பானதா?

அந்த மாதத்தைப் பொறுத்தவரை பாதுகாப்பானதுதான். ஏப்ரல் இறுதிக்குப் பிறகு உள்ளூர்ப் பரவல் இல்லை. புதிய தொற்றுகள் எல்லாம் வெளிநாட்டிலிருந்து வந்து தனிமையில் இருந்தவர்களிடமே காணப்பட்டன. கடைகளிலும் பேருந்துகளிலும் முகக்கவசம் கட்டாயமாக இருந்தது. நாங்கள் கவனித்த கூடுதல் செய்தி ஒன்றே ஒன்று: சில விடுதிகள் தனிமைப்படுத்தும் இடங்களாக மாற்றப்பட்டிருந்ததால், தங்குமிடத்துக்கு அருகில் அப்படி ஏதேனும் உண்டா என்று முன்பதிவுக்கு முன்பே விசாரித்துக்கொண்டோம். இதே பதிலை எல்லாக் காலத்துக்கும் சொல்ல முடியாது. 2021 மார்ச் 10 அன்று இரண்டாம் முடக்கம் வந்தது. அதே ஆண்டின் பிற்பகுதியில் நிலைமை மிகவும் மோசமானது. அப்போது அம்மாவை வாசல் தாண்டவே நாங்கள் விடவில்லை.

விடுதியில் தங்கினீர்களா, கம்ப்மானில் தங்கினீர்களா?

கம்ப்மானில்தான். கடலோரத்தில் வாடகைக்குக் கிடைக்கும் விடுமுறை வீட்டை இங்கே அப்படித்தான் அழைப்போம். விடுதியில் அறை தூய்மையாக இருக்கும், சமையல் வேலை இல்லை, பிள்ளைகளுக்கு நீச்சல் குளம் உண்டு. என் மனைவி முதலில் விடுதிக்கே வாக்களித்தாள், அவளுக்கு ஓய்வு தேவைப்பட்டதும் உண்மை. ஆனால் ஐந்து பேருக்கு இரண்டு அறைகள் எடுத்தால் அம்மா தனியறையில் படுக்க வேண்டும். மேலும், மேசைக்கு மேசை நகர்ந்து எடுத்துண்ணும் விருந்தில் எது மரக்கறி, எது இல்லை என்று கேட்டுக்கேட்டே அம்மா பசியாறாமல் எழுந்துவிடுவார்.

ஆகவே ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். மூன்று இரவும் கம்ப்மான். மூன்று நாளும் சமையல் என் பொறுப்பு. அந்த உடன்பாட்டை நான் எவ்வளவு காப்பாற்றினேன் என்பதைச் சமையல் பற்றிய கேள்வியில் காண்க.

வீட்டைத் தேர்ந்தெடுக்கும்போது நாங்கள் கேட்காமல் விட்டு, பின்னர் வருந்திய செய்திகள் சில உண்டு. கூரைமேல் தண்ணீர்த் தொட்டி இருக்கிறதா, அது நிரம்பியிருக்கிறதா என்று கேட்டிருக்க வேண்டும். மேற்குக் கரை தீவிலேயே மழை குறைந்த பகுதி; அக்டோபர், நவம்பரில் குழாய் நீர் சில மணி நேரமே வருவது அங்கே வழக்கம். கொசுவலை உண்டா, முதியவர்கள் ஏறத் தேவையில்லாத கீழ்த்தள அறை உண்டா, வீட்டுக்கும் மணலுக்கும் இடையே சாலை குறுக்கிடுகிறதா என்பவற்றையும் கேட்டுவிட வேண்டும். "கடலிலிருந்து இரண்டு நிமிடம்" என்றால், அது நடந்தா காரிலா என்று வெட்கப்படாமல் கேளுங்கள்.

கிழக்கிலும் தெற்கிலும் அழகான கரைகள் இருக்க, மேற்கை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்?

முதற் காரணம் காற்று. ஆண்டின் பெரும்பகுதி இங்கு வீசுவது தென்கிழக்குக் காற்று. அது கிழக்கு, தெற்குக் கரைகளை நேரே வந்து தாக்கும். நடுவிலுள்ள மேட்டுநிலமும் மலைகளும் மறைத்துக்கொள்வதால் மேற்குக் கரை அமைதியாக இருக்கும். காற்றில் அம்மாவுக்குக் காது வலிக்கும் என்பதால் இது எங்களுக்கு முக்கியமாக இருந்தது.

இரண்டாம் காரணம் வாக்காஷியோ. 2020 ஜூலை 25 அன்று ஜப்பானியருக்குச் சொந்தமான அந்தச் சரக்குக் கப்பல் தென்கிழக்கில் புவாந்த் தெஸ்னிக்கு எதிரே பவளத்திட்டில் ஏறி நின்றது. ஆகஸ்ட் 6 அன்று அதிலிருந்து எரியெண்ணெய் கசியத் தொடங்கி, ஏறக்குறைய 1,000 டன் கடலில் கலந்தது; ஆகஸ்ட் 15 அன்று கப்பல் இரண்டாக உடைந்தது. அந்த நாள்களில் தீவு முழுவதிலிருந்தும் மக்கள் அந்தக் கரையிலுள்ள மாயேபூருக்குத் திரண்டு, கரும்புச் சோகையைத் துணிப்பைகளிலும் பழைய காலுறைகளிலும் திணித்துத் தைத்து எண்ணெய்த் தடுப்புகள் செய்தார்கள். என் மனைவியும் மகனும் இரண்டு நாள் அங்கே போய்த் தைத்தார்கள். மகனின் சட்டையில் ஏறிய எண்ணெய் வாடை எத்தனை முறை துவைத்தும் போகவில்லை, கடைசியில் அதைத் தூக்கி எறிந்தோம். அக்டோபரிலும் அந்தப் பகுதியில் தூய்மைப்பணி முடிந்திருக்கவில்லை. தென்கிழக்குக்குப் போய் உல்லாசமாகக் குளிப்பது எங்களுக்கு முடியாததாக இருந்தது. எதிர்ப்பக்கத்தில் இருந்ததால் மேற்குக் கரையை அந்த எண்ணெய் எட்டவில்லை.

அந்தத் தேதிகளை எப்படி முடிவு செய்தீர்கள்?

நாள்காட்டியைச் சுவரிலிருந்து இறக்கி, அம்மாவை நடுவில் வைத்துக்கொண்டு முடிவு செய்தோம். புரட்டாசி முழுவதும் வீட்டில் கோவிந்தன் விரதம். மீனும் இறைச்சியும் கிடையாது. கார்த்திகை பிறப்பதை ஒட்டிக் கந்த சஷ்டி விரதம் தொடங்கிவிடும். இடையில் ஐப்பசியில் கிடைத்த இடைவெளியே எங்களுக்கு உகந்ததாக இருந்தது. இங்கே பொது விடுமுறையான நவம்பர் 2 திங்கட்கிழமையில் வந்ததால் தொடர்ந்து மூன்று நாள் விடுமுறை.

அந்த நாளின் காரணத்தை இந்திய உறவினர்களுக்குச் சொல்ல வேண்டும்: 1834 நவம்பர் 2 அன்றுதான் ஒப்பந்தத் தொழிலாளர்கள் 36 பேருடன் 'அட்லஸ்' என்ற கப்பல் கல்கத்தாவிலிருந்து போர்ட் லூயி வந்துசேர்ந்தது. தமிழ்க் கைவினைஞர்கள் அதற்கும் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, பிரெஞ்சு ஆட்சியில், புதுச்சேரியிலிருந்து வரவழைக்கப்பட்டிருந்தார்கள் என்பதை அம்மா ஒவ்வொரு நவம்பர் 2 அன்றும் பிள்ளைகளுக்கு நினைவூட்டத் தவறுவதில்லை.

இன்னொன்றும் உண்டு. புயல் பருவம் முறைப்படி நவம்பர் 1 அன்று தொடங்கினாலும், அந்த மாதத்தில் புயல் வருவது அரிது. டிசம்பர் பிற்பகுதி முதல் மார்ச் வரைதான் அச்சம் மிகுதி. வெயிலைப் பொறுத்தவரை நவம்பர் எளிய மாதமன்று. மூன்றாம் வாரத்தில் சூரியன் நண்பகலில் எங்கள் உச்சந்தலைக்கு நேர்மேலே வந்துவிடும். காலை பத்துக்கு மேல் மூன்று மணி வரை பிள்ளைகளைச் சவுக்கு நிழலை விட்டு வெளியே விடவில்லை.

சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள்?

வெள்ளிக்கிழமை இரவுக்காக வீட்டிலிருந்தே மீன் வின்தாய் செய்து எடுத்துப் போனோம். சூரை மீன் துண்டுகளைப் பொரித்து, அரைத்த கடுகு, மஞ்சள், பூண்டு, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், வினிகர் சேர்த்துப் புரட்டும் இந்தப் பண்டம் ஊறுகாய் மாதிரி நாலு நாள் தாங்கும். இரண்டாம் நாளில்தான் அதன் சுவையே திறக்கும். ரொட்டிக்குள் வைத்தும் சாப்பிடலாம், சோற்றோடும் சாப்பிடலாம். பயணச் சமையல் என்றால் எனக்கு இதற்கு இணை வேறொன்றும் தோன்றவில்லை.

சனிக்கிழமை காலையில் மீனவர்களிடம் கணவாய் இனத்தைச் சேர்ந்த எட்டுக்கால் உயிரி ஒன்றை வாங்கினோம்; இங்கே அதை 'உரித்' என்போம். ஆகஸ்ட் 15 முதல் அக்டோபர் 15 வரை அதைப் பிடிக்கத் தடை என்பதால், தடை முடிந்து இரண்டே வாரத்தில் கிடைத்தது எங்கள் அதிர்ஷ்டம். அதை மரத்தண்டால் அடித்து மெதுவாக்கி, மெல்லிய தீயில் நெடுநேரம் வேகவைத்து, கறிவேப்பிலையும் மசாலாவும் சேர்த்துக் கறியாக்க வேண்டும். நான் அவசரப்பட்டேன். பிள்ளைகள் காலணித் தோலை மெல்வதுபோல் மென்றார்கள். அன்று மாலை என் மனைவி எதுவும் சொல்லாமல் கரண்டியை வாங்கிக்கொண்டாள். உடன்பாடு அத்துடன் முடிந்தது.

அம்மாவுக்கு அன்று மீன் இல்லை. ஐப்பசிப் பௌர்ணமி, அதாவது சிவனுக்கு அன்னாபிஷேகம் செய்யும் நாள், அந்தச் சனிக்கிழமையில்தான் வந்தது. கோயிலுக்குப் போகாமல் கடற்கரையில் இருப்பது அவருக்கு உறுத்தலாகத்தான் இருந்தது. தனி அடுப்பில் தனிப் பாத்திரத்தில் வெண்சோறு வடித்து, வாழையிலையில் குவித்து, கற்பூரம் காட்டி, ரசம் விட்டுத் தாம் மட்டும் உண்டார். மற்ற வேளைகளில் தால் பூரி, கத்தோ பிமா என்ற காரப் பருப்பு வடை, மிளகாயும் உப்பும் தூவிய அன்னாசி என்று வண்டிக்காரர்களே எங்களைக் காப்பாற்றினார்கள்.

பிள்ளைகள் கடலில் இறங்குவது ஆபத்தில்லையா?

தீவின் பெரும்பகுதியைப் பவளத்திட்டு வளைத்து நிற்பதால், அதற்கும் கரைக்கும் இடையிலுள்ள நீர் ஏரி போலத் தணிந்திருக்கும். ஏற்ற இறக்கமும் அரை மீட்டருக்கு மேல் பெரிதாகப் போவதில்லை. ஆனாலும் இரண்டு இடங்களை நினைவில் வைக்க வேண்டும். பவளத்திட்டில் இயற்கையாக அமைந்த திறப்புகளின் வழியே நீர் வெளிக்கடலுக்கு வேகமாக இழுத்துச் செல்லும்; அவற்றின் அருகே நீந்தக் கூடாது. தெற்கே கிரி கிரி போன்ற இடங்களில் திட்டே இல்லாமல் பெருங்கடல் நேரே பாறையில் மோதுகிறது. அங்கே பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

அடியில் இருப்பதுதான் உண்மையான தொல்லை. நாங்கள் லாஃப் என்று அழைக்கும் கல்மீன், பாறைத்துண்டு போலவே அசையாமல் கிடக்கும். மிதித்தால் முதுகு முட்களிலிருந்து கடுமையான நஞ்சு ஏறும். ஆகவே நீரில் இறங்கும் எல்லோருக்கும் ரப்பர் காலணி கட்டாயம் என்று விதி வைத்தோம், என் மகள் அழுதும் தளர்த்தவில்லை. யாரையாவது அது குத்திவிட்டால், தாங்கக்கூடிய அளவு சூடான நீரில் காலை அமிழ்த்தி வைத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அந்த நஞ்சு வெப்பத்தால் வலுவிழக்கும்.

விடுதிகளுக்கு முன்னாலுள்ள மணலில் நடக்க உள்ளூர்வாசிகளுக்கு உரிமை உண்டா?

உண்டு. கடல்நீர் உயர ஏறும் கோடு வரையுள்ள மணல் எல்லோருக்கும் பொதுவானது. அதற்குமேல் 81.21 மீட்டர் அகலத்துக்குள்ள கரையோர நிலமும் பிரெஞ்சுக் காலம் முதல் அரசுக்கே சொந்தமானது. விடுதிகளில் பலவும் அதில் குத்தகைக்கே இருக்கின்றன. சாய்வு நாற்காலி அவர்களுடையது, மணல் நம்முடையது. இதைத் தெரிந்துவைத்திருந்தும், விடுதி வாசலைக் கடக்கும்போது அம்மா புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு வேகமாக நடந்தார்.

ஏதாவது சங்கடம் நேர்ந்ததா?

ஞாயிற்றுக்கிழமை காலை தண்ணீர் நின்றுவிட்டது. தொட்டி இருந்தது, அதை நிரப்பும் மோட்டார் பழுதாகியிருந்தது. வீட்டின் உரிமையாளரை மூன்று முறை அழைத்தும் பதில் இல்லை. நான்காம் முறை எடுத்தவர், விடுமுறை நாளில் ஆள் கிடைக்காது என்று சொல்லி முடித்துக்கொண்டார். பக்கத்து வீட்டில் தங்கியிருந்த குடும்பம் எங்களுக்கு நான்கு வாளி தந்தது. புறப்படும் நாளன்று, மணல் படிந்திருக்கிறது என்று காரணம் காட்டி முன்பணத்தில் ஒரு பகுதியை உரிமையாளர் பிடித்துக்கொண்டார். கடற்கரை வீட்டில் மணல் படிந்தது எங்கள் குற்றம் என்று எனக்கு இன்னும் தோன்றவில்லை. நீங்கள் போனால் உள்ளே நுழைந்தவுடன் குழாய்களையும் தரையையும் படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகள் கைபேசியை விட்டார்களா?

இல்லை.

ஒரே நாளில் போய்த் திரும்பாமல் இரவு தங்குவதால் என்ன வேறுபாடு?

அந்தச் சனிக்கிழமை மாலையைச் சொன்னால் போதும். ஆறு மணி சற்றே கடந்தபோது சூரியன் எங்கள் முன்னே கடலில் இறங்கியது. பிக்னிக் வந்த பேருந்துகள் ஒவ்வொன்றாகப் புறப்பட்டன. வழக்கமாக நாங்களும் அவற்றில் ஒன்றில் ஏறி, முழங்காலில் காலிச் செம்பை வைத்துக்கொண்டு தூங்கி வழிந்துகொண்டிருப்போம். பேருந்துகளின் ஓசை ஓய்ந்ததும் சவுக்கு மரங்களின் இரைச்சலும், தொலைவில் பவளத்திட்டில் அலை உடையும் ஓசையும் தனித்தனியே கேட்கத் தொடங்கின. பகலில் அந்த இரண்டும் ஒன்றாகக் கலந்திருக்கும், பிரித்தறிய முடியாது. சற்று நேரத்தில் எங்களுக்குப் பின்னால், மலைகளுக்கு மேலே முழுநிலவு ஏறியது.

அம்மா நாற்காலியைத் திருப்பிப் போட்டு, கடலுக்கு முதுகைக் காட்டி நிலவைப் பார்த்து உட்கார்ந்தார். கரும்புத் தோட்டத்தில் வேலை பார்த்த அவருடைய அப்பா, வெட்டு முடியும் காலத்தில் ஆண்டுக்கு ஒரே ஒரு நாள் பிள்ளைகளை லாரியில் ஏற்றிக் கடலுக்கு அழைத்துவருவாராம். திரும்பும்போது லாரியின் பின்புறத்திலிருந்து பார்த்தால் கடல் கறுத்துக்கொண்டே போகுமாம். இருட்டிய பிறகு அந்தக் கடல் என்ன செய்யும் என்று அப்பாவிடம் கேட்டதற்கு, "அதுவும் தூங்கும், நீயும் தூங்கு" என்றாராம். அன்றிரவு அம்மா பதினோரு மணி வரை உள்ளே வரவில்லை. விடியற்காலை நான்கரைக்கு எழுந்து பார்த்தபோது அவர் மறுபடியும் வெளியே இருந்தார். இம்முறை நாற்காலி கடலைப் பார்த்திருந்தது.

அதன்பிறகு மறுபடியும் போனீர்களா?

ஒருமுறை போனோம். 2021 அக்டோபர் 1 முதல், தடுப்பூசி போட்டவர்கள் தனிமைப்படுத்தல் இன்றி நாட்டுக்குள் வரலாம் என்று எல்லை திறக்கப்பட்ட பிறகு வெளிநாட்டவர் திரும்பினார்கள். தங்குமிடங்களின் விலையும் பழைய உயரத்துக்குத் திரும்பியது. அடுத்த ஆண்டு அதே ஊரில், மணலிலிருந்து இரண்டு தெரு உள்ளே தள்ளிய சிறு வீட்டில் இரண்டு இரவுகள் மட்டும் தங்கினோம். முன்பணம் கொடுப்பதற்கு முன் தண்ணீர்த் தொட்டியைப் பற்றிக் கேட்டேன். அலையோசை கேட்குமா என்று அம்மா கேட்டார். சன்னலைத் திறந்துவைத்தால் கேட்கும் என்றார் அந்த வீட்டுக்காரர். கேட்டது, கொசுவும் வந்தது.